கிடங்கும் கணக்கும்: பார்கோடு, ஆர்.எஃப்.ஐ.டி. குறித்து வாசகர் கேள்வி – பதில்

கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் சரக்கைப் பார்கோடு வழியாகவும் ஆர்.எஃப்.ஐ.டி. வழியாகவும் கண்காணிப்பது பற்றி வந்த கடிதங்களில், மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஆர்.எஃப்.ஐ.டி. என்ற பெயரைக் கேட்டிராதவர்கள், காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை நினைத்துக்கொண்டால் போதும். அதற்குள் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடியின் ஆன்டெனா அனுப்பும் வானொலி அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சக்தியைப் பெற்றுக்கொண்டு, அந்த அலையையே சிறிது மாற்றித் திருப்பியனுப்பி, தன் எண்ணைத் தெரிவிக்கிறது. கிடங்கில் ஒட்டப்படும் பெரும்பாலான டேக்குகளும் அதே வகையைச் சேர்ந்தவை.

கோவையில் வாகன உதிரிபாகங்கள் மொத்த வியாபாரம் செய்கிறோம். ஏறத்தாழ நாலாயிரம் வகைப் பொருள்கள். கணினியில் உள்ள இருப்பும் குடோனில் உள்ள இருப்பும் ஒத்துப்போவதே இல்லை. ஆர்.எஃப்.ஐ.டி. வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு விற்பனைப் பிரதிநிதி. பார்கோடு போதாதா?

போதும். ஆனால் பார்கோடு வாங்குவதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை எந்தக் கருவியும் உங்களுக்காகச் செய்யாது. பார்கோடு என்பது பொருளின் பெயரை இயந்திரம் படிக்கும்படி எழுதியது, அவ்வளவுதான். உங்கள் கடைக்குள் ஒட்டும் லேபிளின் கோடுகளுக்குள் விலையும் இல்லை, இருப்பும் இல்லை. ஓர் எண் இருக்கிறது; அந்த எண்ணுக்கு எதிரே நீங்கள் கணினியில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்களோ அதுவே திரையில் தெரிகிறது. பெயர்கள் குழம்பிக் கிடந்தால் அந்தக் குழப்பத்தின் மேல்தான் லேபிளை ஒட்டப்போகிறீர்கள்.

நானும் சில ஆண்டுகள் ஓர் உதிரிபாகக் கிடங்கின் கணக்கைப் பார்த்தவன். அங்கே 6203 பேரிங் மூன்று பெயர்களில் பதிவாகியிருந்தது. எந்த நிறுவனம் செய்தாலும் 6203 என்றால் உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40 மில்லிமீட்டர். ஆனால் இருபுறமும் தகடு மூடிய 'இசட் இசட்' வகை வேறு, ரப்பர் மூடிய 'டூ ஆர்.எஸ்.' வகை வேறு. கொள்முதல் பார்ப்பவர் முழுப் பெயரோடு வரவு வைத்தார். பில் போடுபவர் வெறும் '6203' என்று பற்று வைத்தார். ஒரு பெயரில் சரக்கு மலைபோல் குவிந்திருந்தது, இன்னொன்றில் இருப்பு மைனஸில் போய்க்கொண்டிருந்தது. கடை மூடிய பிறகு இரண்டு மாதம் உட்கார்ந்து, ஒரு பொருளுக்கு ஒரே பெயர், ஒரு பெயருக்கு ஒரே எண் என்று நாங்கள் ஒழுங்குபடுத்தி முடித்தபோது, ஒரு ஸ்கேனர்கூட வாங்காமலே வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அலகையும் அதே கையோடு பாருங்கள். பெட்டிக் கணக்கில் வாங்கி எண்ணிக்கைக் கணக்கில் விற்கும் போல்ட், நட்டு, கேஸ்கெட் போன்றவற்றில், ஒரு பெட்டிக்கு எத்தனை என்பது ஓரிடத்தில் தவறாகப் பதிவாகியிருந்தால், ஒவ்வொரு வரவிலும் அந்தத் தவறு திரும்ப நிகழும்.

பெயர் சீரான பிறகு, சரக்கு கைமாறும் இடங்கள் எவை என்று பட்டியல் போடுங்கள். லாரியிலிருந்து இறங்கும் இடம், ரேக்கில் வைக்கும் இடம், எடுத்துக் கொடுக்கும் இடம், வாடிக்கையாளர் திருப்பித் தந்ததைப் பெறும் இடம் ஆகிய நான்கும் எல்லாக் கிடங்குகளிலும் உண்டு. இருப்பு பிழைபடுவது பெரும்பாலும் முதலாவதிலும் கடைசியிலும்தான்: சரக்கை எண்ணாமல் விற்றவரின் பில்லைப் பார்த்து வரவு வைப்பதும், திரும்பி வந்த பொருளை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மேசைக்கடியில் வைப்பதும். ரேக்கின் ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் எண் கொடுத்து, அதையும் பார்கோடாக ஒட்டி, பொருளை எடுப்பவர் முதலில் தட்டையும் பிறகு பொருளையும் ஸ்கேன் செய்யும்படி பழக்குங்கள். தவறான தட்டில் கைவைத்தால் கருவி அந்த இடத்திலேயே சொல்லிவிடும். பொருள் ஊர் போய்ச் சேர்ந்து திரும்பி வரவேண்டியதில்லை.

ஆண்டுக்கொரு முறை கடையை மூடி மொத்தமாக எண்ணுவதைவிட, வேகமாக விற்கும் சில நூறு பொருள்களை மாதம் ஒருமுறையும் மற்றவற்றை ஆண்டுக்கு ஓரிரு முறையும் சுழற்சியாக எண்ணுவது மேலானது. தவறு எப்போது நேர்ந்தது என்று தேட, பன்னிரண்டு மாதப் பில்களுக்குப் பதில் ஒரு மாதப் பில்களைப் புரட்டினால் போதும் என்பதே இதன் பலன்.

ஆர்.எஃப்.ஐ.டி. உங்களுக்கு ஏன் இப்போது தேவையில்லை என்றால், உங்கள் சரக்கில் பெரும்பகுதி இரும்பு; வானொலி அலைக்கு உலோகம் பகை. உங்களுக்குச் சரக்கு அனுப்புபவர்கள் டேக் ஒட்டி அனுப்புவதில்லை என்றால், ஒவ்வொரு சிறு பொட்டலத்துக்கும் நீங்களே ஒட்டவேண்டும். மேலும், உங்கள் கடையில் ஒவ்வொரு பொருளையும் ஒருவர் கையால் எடுத்துத்தான் கொடுக்கிறார். கை படும் இடத்தில் கண்ணும் படுகிறது. கண் படும் இடத்தில் பார்கோடு படிக்க வசதியும் இருக்கிறது. பல பொருள்கள் கண்ணில் படாமல், நிற்காமல், கூட்டமாகக் கடந்துபோகும் இடத்தில்தான் ஆர்.எஃப்.ஐ.டி. தன் விலைக்கு ஈடான வேலையைச் செய்யும்.

எங்கள் குடோனில் ஒட்டும் லேபிள்கள் நான்கைந்து மாதங்களில் மங்கிப்போகின்றன. தகரக் கூரை. பிரிண்டரை மாற்ற வேண்டுமா?

நீங்கள் பயன்படுத்துவது பேருந்து டிக்கெட், ஏ.டி.எம். ரசீது வகையைச் சேர்ந்த, வெப்பம் பட்டால் தானே கறுக்கும் தாளாக இருக்கவேண்டும். அச்சிடும்போது கறுத்த அதே தாள், தகரக் கூரையின் கீழ் மே மாத வெப்பத்தில் மொத்தமாகப் பழுப்பேறும். வெயில் பட்டால் எழுத்து வெளுக்கும். சில நாளில் வெளியேறிவிடும் பார்சலுக்கு அந்தத் தாள் சரியே. மாதக்கணக்கில் நிற்கும் சரக்குக்கு, ரிப்பனிலிருந்து மையை உருக்கிப் பதிக்கும் முறை வேண்டும். உங்கள் பிரிண்டரிலேயே ரிப்பன் மாட்டும் இடம் இருக்கிறதா என்று முதலில் திறந்து பாருங்கள். பல பிரிண்டர்கள் இரண்டு முறையிலும் அச்சிடும். மெழுகு ரிப்பன் விலை குறைவு, ஆனால் உரசினால் அழியும். ரெசின் ரிப்பனைப் பாலியெஸ்டர் லேபிளில் அச்சிட்டால் எண்ணெய், ஈரம், உரசல் மூன்றையும் தாங்கும். இடைப்பட்டதாக, இரண்டும் கலந்த ரிப்பனும் உண்டு; சாதாரணக் குடோனுக்கு அது போதும்.

இன்னும் ஒன்றைச் சொல்லவேண்டும். அழகுக்காகச் சிலர் சிவப்பு மையில் பார்கோடு அச்சிடுகிறார்கள். பல ஸ்கேனர்கள் சிவப்பு ஒளியில்தான் படிக்கின்றன. அந்த ஒளியில் சிவப்புக் கோடு வெள்ளைத் தாளோடு கலந்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். கறுப்புக் கோடுகளே நல்லவை. கோடுகளின் இருபுறமும் விடும் வெற்றிடத்தையும் வெட்டிக் குறைக்காதீர்கள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை ஸ்கேனர் அந்த வெற்றிடத்தைக் கொண்டுதான் அறிகிறது.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டு பையர் ஒவ்வோர் உருப்படியிலும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் தொங்கவிடச் சொல்கிறார். 40 உருப்படி உள்ள பெட்டியை, டேக்குகளைப் படிக்கும் கருவியான ரீடர் சில நேரம் 38 என்கிறது, சில நேரம் 43 என்கிறது. கருவியில் கோளாறா? இந்த டேக்குகளை எங்கள் சொந்தக் கணக்குக்கும் பயன்படுத்த முடியுமா?

கருவியில் கோளாறு இருப்பதாகத் தோன்றவில்லை. 38 என்பதற்கும் 43 என்பதற்கும் காரணங்கள் வெவ்வேறு. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

முதலில் 43. ரீடர் ஒரு டேக்கை நூறு முறை படித்தாலும் ஒன்றாகத்தான் எண்ணும். ஏனெனில் ஒவ்வொரு டேக்கிலும் வேறுபட்ட ஓர் எண் இருக்கிறது. ஆகவே 43 என்று காட்டினால் உண்மையிலேயே 43 டேக்குகள் அந்த அலைக்குள் இருந்திருக்கின்றன. அவற்றில் மூன்று உங்கள் பெட்டிக்குள் இல்லை. பக்கத்து மேசையில் அடுத்த பெட்டி நின்றிருக்கலாம். பேக்கிங் மேசையின் இழுப்பறையில் மிச்ச டேக்குகள் கிடந்திருக்கலாம். அவிழ்த்து வைத்த டேக் சுருள் அருகே இருந்தால் ரீடருக்கு அதுவும் சரக்குதான்; சுருள்களை இரும்பு பீரோவில் பூட்டி வையுங்கள், உலோகம் அலையை மறைத்துவிடும். ரீடரின் திறனைக் குறைப்பதும், எண்ணும் இடத்தை உலோகத் தகடு வேய்ந்த ஒரு சிறு கூண்டாக அமைப்பதும் நிலையான தீர்வுகள். 'தூரத்திலிருந்து படிக்கிறதே, நல்ல கருவி' என்று திறனை முழுதாக ஏற்றி வைப்பது பேக்கிங் மேசையில் தொல்லையைத்தான் தரும்.

அடுத்து 38. டேக்கின் ஆன்டெனா என்பது பெரும்பாலும் மெல்லிய அலுமினியப் படலத்தால் ஆன வடிவம். மடித்த ஆடைகளை ஒரே வாக்கில் அடுக்கும்போது டேக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடந்தால், ஒன்று மற்றொன்றின் அலையைக் கெடுக்கும். டேக்கின் முனை ரீடரை நோக்கி நேராக நீண்டிருந்தாலும் பலவீனமாகத்தான் படிக்கும். உலோக ஜிப், பளபளக்கும் படலம் உள்ள பாலிபேக், சரியாக உலராத துணி ஆகியவையும் காரணமாகலாம். நம் நாட்டு அலைவரிசையில் அலைநீளம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். சுவரிலும் இரும்பு ரேக்கிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேர் அலையோடு மோதி, பெட்டிக்குள் சில இடங்களில் அலையே இல்லாத குழிகளை உண்டாக்கும். பெட்டியைச் சற்று நகர்த்தினாலோ சுழற்றினாலோ குழியும் நகரும், விடுபட்ட டேக் படித்துவிடும். பெட்டியை நிறுத்தி வைத்துப் படிப்பதைவிட ரோலர் மேல் தள்ளிக்கொண்டே படிப்பது இதனால்தான் நல்ல பலன் தருகிறது.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள் என்பதே என் முக்கியமான வேண்டுகோள். டேக்கில் உள்ள எண் பொதுவாக 96 பிட் நீளமுள்ளது. அதில் எந்த வகை, எந்த நிறம், எந்த அளவு என்று சொல்லும் பொருள் எண்ணும், அந்த ஒற்றை உருப்படிக்கே உரிய வரிசை எண்ணும் சேர்ந்திருக்கின்றன. அதே அட்டையில் அச்சிட்டிருக்கும் பார்கோடோ 'இது நீலம், மீடியம்' என்பதோடு நின்றுவிடும். எனவே பெட்டியில் 40 இருந்தும் அதில் இரண்டு 'எல்' அளவுக்குப் பதில் 'எம்' அளவாக இருந்தால், பேக்கிங் பட்டியலோடு ஒப்பிடும் மென்பொருள் அதைப் பெட்டி மூடும் முன்பே காட்டிவிடும். கடல் கடந்துபோன பிறகு இந்தத் தவறு தெரிந்தால் என்ன இழப்பு வரும் என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இந்தத் தொழில்நுட்பம் ஆடைகளில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 2003இல் அமெரிக்காவின் வால்மார்ட் நிறுவனம், சரக்கு அனுப்புவோரில் முதல் நூறு பேர் 2005 ஜனவரிக்குள் அட்டைப்பெட்டிகளிலும், பெட்டிகளை அடுக்கிக் கொண்டுபோகும் பேலட்டுகளிலும் டேக் ஒட்டவேண்டும் என்று கேட்டது. டேக்கின் விலை அப்போது அதிகம். திரவமும் தகர டப்பாவும் நிறைந்த பெட்டிகள் சரியாகப் படிக்கவும் இல்லை. முயற்சி எதிர்பார்த்தபடி வளரவில்லை. துணியும் அட்டையும் அலையைத் தடுப்பதில்லை. ஒரே சட்டைக்கு ஐந்து அளவு, ஆறு நிறம் என்று வகை பெருகுவதால் எண்ணும் வேலையும் அதிகம். ஆகவே இன்டிடெக்ஸ், டெகாத்லான், யூனிக்லோ போன்ற நிறுவனங்கள் ஒவ்வோர் உருப்படியிலும் டேக் வைக்கத் தொடங்கியபோது அது நிலைத்துவிட்டது.

சொந்தக் கணக்குக்குப் பயன்படுமா என்றால், டேக் தொங்கிய பிறகு நடக்கும் வேலைகளுக்குப் பயன்படும்: பேக்கிங், கிடங்கு, கன்டெய்னர் ஏற்றுவது. கட்டிங்கிலும் தையலிலும் சாயப் பட்டறைக்குப் போய் வருவதிலும் டேக் இன்னும் வந்து சேராததால் அங்கே உதவாது. அவற்றுக்குக் கட்டுக்கு ஒரு பார்கோடு சீட்டே போதுமானது. பையர் கொடுத்த எண்ணை மாற்றி எழுத மட்டும் முயலாதீர்கள். கடைசியாக, ரீடரை இணையத்தில் வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்திருப்பது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கானது 902 முதல் 928. பின்னதன் ஒரு பகுதி இங்கே செல்பேசி அலைவரிசையோடு மோதும். டேக்குகள் பெரும்பாலும் இரண்டிலும் வேலை செய்யும்படி செய்யப்படுவதால் அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

எண்ணெய் டின்களுக்கு ஆர்.எஃப்.ஐ.டி. ஒட்டிப் பார்த்தோம், ஒன்றுகூடப் படிக்கவில்லை. எண்ணெய் திரவம் என்பதாலா? – விருதுநகர்

தண்ணீர் இந்த அலையை விழுங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் அந்த அளவுக்கு விழுங்காது. உங்கள் சிக்கல் டின்தான். சாதாரண டேக்கை உலோகத்தின் மேல் நேராக ஒட்டினால், உலோகம் அலையைத் திருப்பியடித்து, ஆன்டெனாவின் இசைவையும் கெடுத்துவிடுவதால், டேக்கில் உள்ள சில்லுக்கு (சிப்) வேண்டிய மின்சக்தி கிடைப்பதில்லை. அதே டேக்கைப் பிளாஸ்டிக் கேனில் ஒட்டிப் பாருங்கள், எண்ணெய் நிறைந்திருந்தாலும் படிக்க வாய்ப்பு உண்டு. டின்னுக்கு வேண்டியது உலோகத்துக்கென்றே செய்த டேக். அதன் அடியில் ஒரு தடித்த இடைப்பொருள் இருந்து, ஆன்டெனாவை உலோகத்திலிருந்து விலக்கி வைக்கும். அது விலை கூடியது. ஒருமுறை விற்றுப்போகும் டின்னுக்கு அந்தச் செலவு நியாயமில்லை. டின்னுக்குப் பார்கோடும், டின்களை அடுக்கிக் கொண்டுபோகும் மரப் பேலட்டுக்கு ஒரு டேக்கும் வையுங்கள். பேலட் திரும்பத் திரும்ப வருவது. அதில் போடும் செலவு பல பயணங்களுக்குப் பகிர்ந்துபோகும்.

பார்கோடு 890 என்று தொடங்கினால் அது இந்தியாவில் செய்த பொருள் என்று சொல்கிறார்களே, உண்மையா? நாங்கள் சிறிதாகத் தொழில் செய்கிறோம். எண்ணை நாங்களே உருவாக்கலாமா? – யாழ்ப்பாணம்

உண்மையன்று. 890 என்பது அந்த எண்ணை வழங்கிய அமைப்பு ஜி.எஸ்.1 இந்தியா என்பதை மட்டுமே காட்டுகிறது. பொருள் எங்கே செய்யப்பட்டாலும் எண் மாறாது. அதேபோல் 479 இலங்கை, 955 மலேசியா, 888 சிங்கப்பூர் அமைப்புகள் வழங்கும் எண்களின் தொடக்கம்.

பார்கோடு எண்ணின் பதின்மூன்று இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது. முதல் பன்னிரண்டு இலக்கங்களை இடமிருந்து மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு வேண்டுமோ அதைக் கடைசி இலக்கமாக வைக்கவேண்டும். 890123456789 என்று எடுத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 130. அதுவே பத்தின் மடங்கு என்பதால் கடைசி இலக்கம் 0. ஏதேனும் ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினால் இந்தக் கணக்கு இடித்துவிடும்.

எண்ணை நீங்களே உருவாக்கலாமா என்பது பொருள் எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் கிடங்குக்குள் மட்டும் என்றால் எந்த எண்ணையும் வைத்துக்கொள்ளலாம், யாரிடமும் பதிவு வேண்டாம். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் இப்படிப்பட்ட உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. பிறர் கடையிலோ வெளிநாட்டிலோ விற்பதாக இருந்தால், உங்கள் நாட்டு ஜி.எஸ்.1 அமைப்பிடம்தான் பெறவேண்டும். கோடுகளை வரைய எத்தனையோ இலவசச் செயலிகள் உண்டு. அவை கோடு வரையும். அந்த எண் உங்களுடையது என்பதற்கு உறுதி தரா.

வார்ப்பட ஆலை நடத்துகிறோம். பம்ப் பாகங்கள் ஷாட் பிளாஸ்டிங் (இரும்பு மணிகளை வீசித் துப்புரவாக்குவது), கடைசல், எண்ணெய்க் கழுவல் எல்லாம் தாண்டி வருவதற்குள் எந்த லேபிளும் மிஞ்சுவதில்லை. வாங்குபவரோ எந்த உருக்கில் (உலையில் ஒரு தடவை உருக்கிய உலோகத்தில்) வார்த்தது என்று ஒவ்வொரு பாகத்துக்கும் கேட்கிறார். – கோவை

லேபிள் ஒட்டுவதை விட்டுவிட்டு, பாகத்தின் மேலேயே குறியிடுங்கள். கெட்டியான ஊசியால் புள்ளிபுள்ளியாகக் கொத்தியோ லேசரால் சுட்டோ டேட்டா மேட்ரிக்ஸ் என்ற சதுரக் குறியீட்டைப் பதிக்கலாம். இரண்டு பக்கங்களில் 'எல்' வடிவத்தில் முழுக் கோடும், மற்ற இரண்டு பக்கங்களில் விட்டுவிட்டு வரும் புள்ளிகளும் இருப்பதால் அதை எளிதில் அடையாளம் காணலாம். கையளவு இடம்கூட வேண்டாம், நகத்தளவு போதும். பிழைதிருத்தும் கணக்கு உள்ளே இருப்பதால் ஒரு பகுதி சேதமானாலும் படிக்கும்.

எங்கே பதிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மணல் அச்சிலிருந்து வந்த சொரசொரப்பான முகத்தில் பதித்தால் புள்ளிக்கும் மேடுபள்ளத்துக்கும் வேறுபாடு தெரியாது. முதல் கடைசலில் சமமான, பிறகு எந்த வேலையும் நடக்காத, பொருத்திய பின்பும் கண்ணில் படும் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுங்கள். குறியிடும் முன்பு வரை, உருக்கு எண்ணைப் பாகத்தோடு சேர்த்துக்கொண்டு போவது கூடையின் சீட்டுதான். இரண்டு உருக்கின் பாகங்கள் ஒரே கூடையில் கலந்துவிட்டால் அதன் பிறகு போடும் வரிசை எண்ணுக்கு மதிப்பில்லை. ஆகவே கூடைகளைக் கலக்கக் கூடாது என்ற விதியை முதலில் உறுதிப்படுத்திவிட்டு, அதன்பிறகு இயந்திரத்துக்கு விலை கேளுங்கள். உலோகப் பரப்பிலிருந்து இந்தக் குறியைப் படிக்கச் சாதாரண ஸ்கேனர் போதாது. சாய்வாக ஒளி பாய்ச்சும் ஸ்கேனர் வேண்டும். வாங்கும் முன் உங்கள் பாகம் ஒன்றை, எண்ணெய் படிந்தபடியே, கொண்டுபோய்ப் படித்துப் பாருங்கள்.

இன்று தெருவோரத் தேநீர்க் கடையில் பணம் செலுத்தப் பயன்படும் கியூ.ஆர். குறியீடும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். ஜப்பானின் வாகன உதிரிபாக நிறுவனமான டென்சோவின் தொழிற்சாலைகளில் ஒரே பெட்டியில் பல பார்கோடுகளைத் தொழிலாளர்கள் அடுத்தடுத்துப் படிக்க வேண்டியிருந்தது. மசாஹிரோ ஹாராவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1994இல் அந்தச் சிரமத்தைத் தீர்க்கவே இதை உருவாக்கினார்கள். பிழைதிருத்தும் அளவை மிக உயர்ந்த நிலையில் வைத்து அச்சிட்டால் ஏறத்தாழ 30 சதவீதம் அழிந்தாலும் இது படிக்கும். எண்ணெய்க் கறை படியும் இடத்துக்காக யோசித்துச் செய்ததன் பயன் அது.

மருந்து மொத்த விற்பனை. அட்டைகளில் வரும் கியூ.ஆர். குறியீட்டால் எங்கள் இருப்புக் கணக்குக்கு ஏதேனும் பயன் உண்டா? – மதுரை

உண்டு. 2023 ஆகஸ்ட் 1 முதல் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு பார்கோடோ கியூ.ஆர். குறியீடோ கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உரிம எண் முதலியவை அதில் இருக்கவேண்டும். முதலில் வந்ததை முதலில் அனுப்பும் வழக்கம் மருந்துக்குப் பொருந்தாது. பிந்தி வந்த தொகுதி முந்திக் காலாவதியாகலாம். முதலில் காலாவதியாவதை முதலில் அனுப்பவேண்டும், அதற்குத் தொகுதியும் தேதியும் கையால் தட்டச்சு செய்யாமல் கணினிக்குள் போகவேண்டும். பெரிய பெட்டிகளில் வரும் நீளமான பார்கோடையும் பாருங்கள். 17 என்ற குறிக்குப் பின் 270331 என்றிருந்தால் அது 2027 மார்ச் 31 வரை என்று பொருள். 10 என்ற குறிக்குப் பின் வருவது தொகுதி எண். ஒரு தொகுதியைத் திரும்பப் பெறச் சொல்லி அறிவிப்பு வந்தால், எந்தெந்தக் கடைக்கு எத்தனை அட்டை போனது என்று அன்றைக்கே சொல்ல முடியும். நோயாளியின் உயிரோடு தொடர்புடைய இந்த ஒரு காரணத்துக்காகவே இதைச் செய்யவேண்டும் என்பேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் பவர்டேபிளில் தைக்கிறேன், பீஸ் ரேட். புதிதாக ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிறு கருவி மாட்டியிருக்கிறார்கள். கட்டோடு வரும் அட்டையை அதில் காட்டிவிட்டுத்தான் தைக்கவேண்டும். நாங்கள் எழுந்து போவதையும் வருவதையும் அது பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் பயப்படுகிறோம். என்னதான் செய்கிறது அது?

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த முறை வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உங்களுக்கு முழு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த அட்டை பெரும்பாலும் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் காட்டினால் மட்டுமே படிக்கும் வகை. மெட்ரோ ரயில் அட்டையைப் போன்றது. நீங்கள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. அதில் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அட்டையைக் கருவியில் காட்டும் அந்த நொடியில் மூன்று செய்திகள் பதிவாகின்றன: எந்தக் கட்டு, எந்த மெஷின் அல்லது எந்தத் தொழிலாளி, எத்தனை மணிக்கு.

ஆனால் 'அவ்வளவுதானே' என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஒரு கட்டைத் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இருந்தால், இடையில் எவ்வளவு நேரமானது என்பது கணக்கில் வந்துவிடும். நூல் அறுந்ததாலோ, மெஷின் நின்றதாலோ, முந்தைய டேபிளிலிருந்து கட்டு வராததாலோ, நீங்கள் கழிப்பறைக்குப் போனதாலோ நேரமானதா என்பது மட்டும் அதில் இராது. காரணம் தெரியாத இடைவெளியைத் தொழிலாளியின் சோம்பலாக எழுதிக்கொள்வது கணக்குப் பிழை. அது ஒரு மனிதருக்குச் செய்யும் அநியாயமும் ஆகும். நிர்வாகம் நேர்மையாக நடந்துகொள்ள விரும்பினால், மெஷின் பழுது, கட்டு வராமை ஆகியவற்றைப் பதிவதற்கும் அதே கருவியில் ஒரு பொத்தான் இருக்கவேண்டும். உங்கள் கருவியில் அது இருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.

இதே பதிவு உங்களுக்குச் சாதகமாகவும் நிற்கக்கூடும். பீஸ் ரேட்டில் பெரிய சண்டை எப்போதும் 'நான் இத்தனை கட்டு தைத்தேன், சிட்டையில் குறைத்து எழுதியிருக்கிறார்கள்' என்பதுதானே? கிழிந்துபோகும் சீட்டுக்குப் பதில், மணியோடு பதிவான கணக்கு இருந்தால் அந்தச் சண்டைக்கு இடமில்லை. ஆனால் அதற்கு அந்தக் கணக்கு உங்கள் கண்ணிலும் படவேண்டும். அன்றன்று வேலை முடிந்ததும் உங்கள் பெயருக்கு எதிரே எத்தனை கட்டு, எத்தனை உருப்படி என்பதைத் திரையிலோ தாளிலோ காட்டும்படி எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். முதல் ஒரு மாதமாவது நீங்களும் ஒரு நோட்டில் கட்டு எண்ணைக் குறித்து வைத்து, வாரச் சம்பள நாளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டை சரியாகப் படித்தால் கருவியில் விளக்கு எரியும் அல்லது ஒலி கேட்கும். அது வராமல் கட்டை மெஷினில் வைக்காதீர்கள், ஏனென்றால் படிக்காத அட்டை தைக்காத கட்டாகவே கணக்கில் நிற்கும். வேறொருவர் தைக்கும் கட்டின் அட்டையையும் உங்கள் மெஷினில் காட்ட விடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்த்ததில் வேறுபாடு இருந்தால் தேதியும் கட்டு எண்ணும் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். எங்கே விடுபட்டிருக்கும் என்று சேர்ந்து தேடிப் பார்ப்போம்.